கீழே வைத்த தட்டு

அத்தியாயம் 17

சாந்தாமணி காலையிலிருந்து மூன்றாவது தடவையாகப் புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

முதலில் கட்டியது மஞ்சள் கைத்தறி. வீரபாண்டியில் அவளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்த மஞ்சள்தான் தெரியும். பிறகு மகளின் முகம் நினைவுக்கு வரவே, அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு அரக்குப் பட்டைக் கட்டினாள். கண்ணாடியில் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரி நின்றாள். அவளை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மறுபடியும் மஞ்சள்.

கொசுவம் விரலுக்கு அடங்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. இந்த விரல்கள் வயலின் வாசிப்பதைப் பார்த்தாலே மனசு அடங்கிவிடுகிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் கண்ணீர் விடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. இப்போது வந்து பார்த்தால் தெரியும், எவ்வளவு அடங்குகிறது என்று.

வர்ஷினி கதவைப் படாரென்று சாத்திக்கொண்டதோடு போன வார அத்தியாயத்தில் நாம் இந்த வீட்டை விட்டு வந்தோம். சாத்துவதற்கு முன்னால் அவள் சொன்னது சாந்தாமணியின் காதிலேயே நிற்கிறது.

"உப்புத் தட்டை நீங்க கையில வாங்கோணும். எல்லாரு ஊட்டு அம்மாவும் வாங்கற மாதிரி. ஆகாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. நிச்சயமே வேண்டாம்னு நித்தீஷ்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

வர்ஷினி சொன்னால் சொன்னதுதான். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களிடமே முடியாது என்றால் முடியாது என்று சொல்லிப் பழகியவள். பெற்றவளிடம் சொல்லவா யோசிப்பாள்?

ஒரு தட்டை வாங்க இத்தனை பாடா என்று கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்கள் கேட்கலாம். பாடுதான்.

இந்த இரண்டு குடும்பத்து வழக்கத்தில் நிச்சயம் என்றால் உப்புச் சர்க்கரை மாற்றுவது. மோதிரம், கேக் எல்லாம் நேற்று வந்து ஒட்டிக்கொண்டவை. மாப்பிள்ளையின் தாய் உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை நீட்டுவாள். பெண்ணின் தாய் எதிரில் சமமாக நின்று, அதைக் கையில் வாங்கிக்கொண்டு தன் தட்டைக் கொடுப்பாள். தட்டு கை மாறினால்தான் சம்பந்தம். மாறாவிட்டால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

சாந்தாமணியோ யார் கையிலிருந்தும் எதையும் வாங்குவதில்லை. பூவோ பழமோ காலடியில் கீழே வைத்துவிட்டுக் கும்பிட வேண்டும். அவள் கொடுத்தால் கையில் வாங்கிக்கொள்ளலாம். அவள் கைக்குக் கொடுக்கும் தகுதி யாருக்கும் இல்லை என்பது வெள்ளிக்கிழமைதோறும் அவளைக் கும்பிடக் கூடுகிற சபையில் எழுதாத சட்டம்.

இதற்கு மேல் சிக்கல் வேண்டாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தத் தட்டை நீட்ட வேண்டிய மயிலாத்தாள், அதாவது நித்தீஷின் அம்மா, சபையில் முதல் வரிசைப் பக்தை. சாந்தாமணி நடந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். பெண் கேட்டு வந்த அன்றைக்கே சோபாவில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டவள். என்னைப் பிடித்துக் கேட்டார்களா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டார்களா என்பதுதான் அன்றிலிருந்து வர்ஷினியின் கேள்வி.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா, அவங்கெல்லாம் வந்துட்டாங்க" என்றார் ஆத்தப்பன்.

ஆத்தப்பன் அவளுடைய கணவர். கீழே இருக்கிற தையல் யூனிட்டுக்கு முதலாளி. சபைக்காரர்கள் முன்னால் 'அம்மா', வீட்டுக்குள் 'சாந்தி' என்று பிரித்து வைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டினார். கொஞ்ச நாளாக இரண்டும் கலந்துபோய்விட்டது.

"மாமா, இங்க வேற ஆரும் இல்லீங்க. நான்தான் இருக்கறேன்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்த நாக்கால் அடுத்த செய்தியையும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு ஒரம்பரை, உறவுக்கூட்டம் மொத்தமும், வேனில் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் இரண்டு பஸ் நிறையச் சபைக்காரர்கள். அம்மா வீட்டு விசேஷத்துக்குச் சபை வராமல் இருக்கலாமா என்று மயிலாத்தாளே அழைத்துவிட்டாளாம். வீட்டு ஹாலில் இடம் போதாது என்று உப்புச் சர்க்கரையை மேல்மாடிக்கு மாற்றியாயிற்று.

இரண்டு குடும்பம் மட்டும்தான், சபை கிடையாது, பாட்டு கிடையாது என்று மகளுக்கு சாந்தாமணி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"வர்ஷினிக்குத் தெரியுமுங்களா?"

"சன்னல்ல நின்னு பஸ்ஸைப் பார்த்துட்டு இருக்கறா" என்றார் ஆத்தப்பன். மகள் ஒன்றும் பேசவில்லை என்பதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அவள் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம். பேசாமல் இருந்தால்தான் பயம்.

*

மேல்மாடி முன்பு துணி வெட்டும் கட்டிங் செக்‌ஷனாக இருந்தது. மேசைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள், டியூப் லைட்டுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஊரடங்குக் காலத்தில் ஊருக்குப் போக முடியாத தொழிலாளிகளை ஆத்தப்பன் இங்கேதான் தங்க வைத்திருந்தார். தெற்கத்திக் குடும்பங்களும் வடநாட்டுப் பையன்களுமாக மாடி நிறைய ஆட்கள். சாந்தாமணிதான் சமைத்துப் போட்டாள். ஒரு சாயங்காலம் பீகார்ப் பையன் ஒருவன், ஊரில் தாய்க்கு என்னவோ ஆகிவிட்டதென்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். ஆறுதல் சொல்ல அவன் பாஷை இவளுக்குத் தெரியாது. இவள் பாஷை அவனுக்குத் தெரியாது.

அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பரண்மேல் ஏறி வயலினை இறக்கினாள். கல்யாணத்துக்கு முன் மடத்துக்குளத்தில் இருந்தபோது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உடுமலைக்குப் போய்க் கற்ற வயலின் அது. புகுந்த வீட்டுக்கு வந்த வாரமே பரணுக்குப் போய்விட்டது. யாரும் வாசிக்காதே என்று சொல்லவில்லை. வாசி என்றும் சொல்லவில்லை.

துடைத்து, தந்தி மாற்ற வழியில்லாமல் இருப்பதையே முறுக்கி, வாசித்தாள். கூடவே பாடினாள். அபஸ்வரம் நிறைய. ஆனால் அந்தப் பையன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான். மாடி முழுக்கக் கேட்டது.

ஊரடங்கு முடிந்தும் கூட்டம் முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு அவர்களின் மாமியார்கள், பிறகு கம்பெனி முதலாளிகளின் வீட்டுப் பெண்கள். வயலினம்மா என்று பெயர் வைத்தார்கள். அவள் உபதேசம் எதுவும் செய்ததில்லை. வில்லை எடுக்குமுன் "சித்த நேரம் கேளுங்க" என்பாள், அவ்வளவுதான். அதையும் டி-ஷர்ட்டில் அச்சடித்துவிட்டார்கள். திருப்பூர் ஆயிற்றே, பக்தி வந்தால் பனியன் வராமல் இருக்குமா?

ஒரு தடவை தந்தி அறுந்தபோது, அதைத் துண்டு துண்டாக வெட்டித் தாயத்தில் அடைத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாக உள்ளுக்குள் திக்கென்றது. அதற்குப் பிறகு அவள் தனக்காக வாசித்ததே கிடையாது. சுருதி சேர்க்கும் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்கள் முன்னால் தப்பாக வாசித்துத் திருத்திக்கொள்வது எப்படி?

இப்போது மாடியில் பீடத்துக்குப் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பீடத்தின் ஓரத்தில் வயலின் பெட்டி. அதைத் துடைத்துக்கொண்டிருந்த அருள்செல்வன் அவளைப் பார்த்ததும் எழுந்து கை கட்டி நின்றான்.

அருள்செல்வன் சபையின் செயலாளர். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து செக்கிங் டேபிளில் பனியன்களில் குறை பார்த்துக்கொண்டிருந்தவன். மனைவி செத்தபின் தானும் சாகத் துணிந்து, இந்த மாடிப்படியில் வயலின் சத்தம் கேட்டுத் திரும்பியவன். அவன் பக்தியில் கலப்படம் கிடையாது. அதனால்தான் சாந்தாமணிக்கு அவனைக் கண்டால் பயம்.

இன்றைக்குப் பீடம் எதற்கு என்று அவள் கேட்டாள். எல்லாரும் பார்க்கணுமே என்றான். சம்பந்தியோடு சமமாக நிற்க வேண்டிய நாள் என்று அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க தட்டைக் கையில வாங்கிட்டீங்கன்னா, இத்தனை நாளு நாங்க கீழ வச்சதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

அர்த்தம் சாந்தாமணிக்குத் தெரியும். அது சிரிப்பாகச் சிரிக்கக்கூடிய அர்த்தம்.

ஆரம்ப நாளில் ஒருநாள், வாசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெண் எழுந்து வந்து எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். சாந்தாமணியின் இடது கையில் வயலின், வலது கையில் வில். "கைல எடமில்லை சாமி, அப்படியே கீழ வெச்சுருங்க" என்றாள். அடுத்து வந்தவளும் கீழே வைத்தாள். அதற்கடுத்த வாரம் எல்லாரும் கீழே வைத்தார்கள். வயலின் கையில் இல்லாதபோதும் வைத்தார்கள். அப்போதே சிரித்துக்கொண்டு நீட்டி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. காலடியில் பூ குவிவதைப் பார்க்க அவளுக்கும் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

படியிறங்கி வந்தபோது வர்ஷினி எதிரில் நின்றாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. தாயை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"மஞ்சளுங்களா" என்றாள். தாயைச் சுற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

முன்பெல்லாம் அவள் அம்மாவை 'வா, போ' என்றுதான் பேசுவாள். சபைக்காரிகள் யாரோ கண்டித்ததிலிருந்து 'வாங்க, போங்க' வந்துவிட்டது. ஒவ்வொரு 'ங்க'வும் சாந்தாமணியை ஒரு அடி தள்ளி வைத்தது.

சாந்தாமணி தன் அறைக்கு ஓடினாள். அரக்குப் பட்டு கட்டிலில் சுருண்டு கிடந்தது.

*

அம்மா பட்டுப் புடவையில் வந்ததைப் பார்த்ததும் மாடியில் சலசலப்பு. சிலர் பாதி எழுந்து, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்கள்.

பீடத்தில் உட்காருமாறு அருள்செல்வன் கை காட்டினான். சாந்தாமணி அதன் பக்கமே போகாமல் விரிப்பில் கணவரின் பக்கத்தில் நின்றாள். வர்ஷினியையும் நித்தீஷையும் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். நித்தீஷ் நல்ல பையன். அனுப்பர்பாளையத்தில் சொந்தமாக யூனிட் நடத்துகிறான். அம்மாவின் பக்தியைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவான்.

சடங்கை முன்னின்று நடத்தியவர் அவனுடைய தாய்மாமன் முருகவேல். பாத்திரப் பட்டறைக்காரர். இரண்டு பித்தளைத் தட்டுகளும் அவர் பட்டறையில் செய்தவை. சபை, பாட்டு எதிலும் அவருக்கு ஈடுபாடு கிடையாது. முறை தவறினால் மட்டும் சும்மா இருக்க மாட்டார்.

"அக்கா, தட்டை எடுத்துக் குடு" என்றார்.

மயிலாத்தாள் எழுந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். உப்பும் சர்க்கரையும் வெற்றிலை பாக்குமாகத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். சாந்தாமணி இரண்டு கையையும் நீட்டினாள்.

நீட்டிய கையைப் பார்த்ததும் மயிலாத்தாள் ஓரடி பின்வாங்கினாள். தட்டைச் சட்டென்று சாந்தாமணியின் காலடியில் வைத்தாள். அப்படியே குப்புற விழுந்து கும்பிட்டாள்.

சபைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு. எல்லாக் கைகளும் குவிந்தன.

முருகவேல் தரையில் கிடந்த தட்டை விரலால் காட்டினார்.

"இது சம்பந்தி ஊட்டுக்குக் கொண்டாந்த தட்டா, கோயலுக்குக் கொண்டாந்த தட்டா? தரையில வெச்ச உப்புக்கு நிச்சயம்னு பேரு இல்லீங்க. நாங்க பொண்ணு எடுக்க வந்தோமா, வேண்டுதலுக்கு வந்தோமா, அதை மொதல்ல சொல்லிப்போடுங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு கிழவர் செருப்பு எங்கே விட்டோம் என்பதுபோல் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

சாந்தாமணி மகளைப் பார்த்தாள். வர்ஷினி தாயைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்திலிருந்த மாலையை இரண்டு கையாலும் பிடித்தாள், கழற்றப் போகிறவளைப் போல.

சாந்தாமணிக்குப் பதறிவிட்டது.

அவள் குனிந்து மயிலாத்தாளின் தோளைத் தொட்டு எழுப்பினாள். தட்டை எடுத்து அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். ஓரடி பின்னால் போய் நின்று, மறுபடியும் கையை நீட்டினாள்.

"என்ற கைல குடுங்க."

"பாவமுங்கம்மா. எனக்குக் கை வர மாட்டேங்குதுங்க" என்று மயிலாத்தாள் விசும்பினாள்.

"பாவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு ஒரு கைல வயலினு, ஒரு கைல வில்லு. வாங்கறதுக்குக் கை இல்லாமத்தான் கீழ வெக்கச் சொன்னேன். வேற ஒரு காரணமும் கெடையாது. சொல்லாம இருந்தது என்ற தப்பு. இன்னைக்குக் கை சும்மாதான் இருக்குது, குடுங்க."

இதை அவள் மயிலாத்தாளுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த மாடியில் மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அதற்காகவே அருள்செல்வன் பார்த்துப் பார்த்து மைக் வைத்திருந்தான். அது ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மயிலாத்தாள் நடுங்கிக்கொண்டே தட்டை நீட்டினாள். உப்பு கொஞ்சம் அவள் விரலில் சிந்தியது. சாந்தாமணி வாங்கிக்கொண்டாள். கனமான தட்டு. வாங்கிய கையில் ஒரு சுகம் இருந்தது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடமிருந்து ஒரு பொருளை வாங்கி எத்தனை காலம் ஆயிற்று. தன் தட்டைக் கொடுத்தாள். மயிலாத்தாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், தம்பி முறைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானுங்க. சம்பந்தம் ஆயிப்போச்சு" என்றார் முருகவேல். "எல்லாரும் சாப்பிட எறங்குங்க."

வர்ஷினி மாலையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நித்தீஷ் கைக்குட்டையை நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

*

கீழே யூனிட்டின் தையல் மெஷின்களுக்குத் துணி போர்த்திவிட்டு, நடுவில் மேசை போட்டுப் பந்தி நடந்தது. சாந்தாமணி ஓடியாடிப் பரிமாறினாள். யார் என்ன கொடுத்தாலும் கையில் வாங்கினாள். காலிக் கிண்ணம், வெற்றிலைத் தட்டு, யாருடைய குழந்தையோ ஒன்று. அந்தக் குழந்தை அவள் பட்டுப் புடவையில் கேசரிக் கையைத் துடைத்தது. அதற்குக்கூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. இரண்டு பஸ் நிறைய வந்தவர்களில் பாதிப் பேர்கூடப் பந்திக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். நினைத்ததுமே தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. மூட்டை இறங்கியதும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாமல் கை அலைந்தது.

வர்ஷினி பின்னால் வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு வேணும். குடுப்பியா?"

'ங்க' இல்லாத அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் சாந்தாமணி கரண்டியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். என்ன வேண்டும் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"நீ எனக்காக ஒரு தடவைகூட வாசிச்சதில்லை. ஊருக்கெல்லாம் வாசிச்சே, நான் கதவுக்கு வெளிய நின்னுதான் கேட்டிருக்கறேன். எனக்கு மட்டும் வாசிம்மா. தப்புத் தப்பா வாசிச்சாலும் பரவால்ல."

மகள் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள் என்பதே சாந்தாமணிக்கு இன்றுதான் தெரியும். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். இடது கை விரல்கள் அவளைக் கேட்காமலே அசைய ஆரம்பித்துவிட்டன. என்ன வாசிப்பது என்று அதற்குள் ஒரு யோசனை. உடுமலை வாத்தியார் முதன்முதலில் சொல்லிக்கொடுத்த சின்னப் பாட்டு ஒன்று உண்டு. சபையில் வாசித்ததே இல்லை.

"வா, மேல போயி வயலினை எடுத்துட்டு வந்துரலாம்" என்றாள். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரிப் படி ஏறினார்கள்.

மேலே சத்தமே இல்லை. யாரும் இல்லை என்று நினைத்துத்தான் சாந்தாமணி கதவைத் தள்ளினாள்.

பந்திக்கு வராதவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

பீடத்தில், அவள் உட்காரும் இடத்தில், அவளுடைய மஞ்சள் விரிப்பின்மேல் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதன் கழுத்தில் மாலை. பக்கத்தில் வில், குங்குமப் பொட்டு வைக்கப்பட்டு. முன்னால் பூவும் பழமும் எலுமிச்சையுமாகக் குவியல். ஒவ்வொருவராக வந்து கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். உள்ளே வந்த சாந்தாமணிக்கு அவர்கள் மரியாதையாக வழி விட்டார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

அருள்செல்வன் அவள் அருகில் வந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. காலையில் இருந்த கலக்கமும் இல்லை. தேடியது கிடைத்துவிட்டவனைப் போலிருந்தான்.

"காலையில நான் கேட்டதுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்கம்மா" என்றான். "கையில வயலின் இருந்துச்சு, அதனாலதான் கீழ வைக்கச் சொன்னேன்னு. அப்போ நாங்க இத்தனை நாளும் கீழ வச்சது எல்லாம் அதுக்குத்தான? எங்க மரமண்டைக்குத்தான் புரியலை."

சாந்தாமணிக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. வந்த சிரிப்பு உள்ளேயே உறைந்துவிட்டது.

வாசிக்க வேண்டும், கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். குரல் கெஞ்சலாக வந்தது. தன் பொருளைக் கேட்கத் தான் ஏன் கெஞ்ச வேண்டும் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

"பூஜையில வச்சாச்சும்மா. இனி மனுசக் கை படக்கூடாது" என்றான் அருள்செல்வன், மிகவும் பணிவாக. "தொடாதீங்க."

"எடும்மா" என்றாள் வர்ஷினி. "நீ எடு. ஆரு என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்."

சாந்தாமணி பீடத்தை நோக்கி நடந்தாள். பீடத்துக்கு ஏறும் முதல் படியருகில் ஒரு பெண் குப்புறப் படுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தலையில் நிச்சயத்துக்கு வைத்த கனகாம்பரம். கொஞ்சம் முன்னால்தான் அதே தலையை நிமிர்த்தி, நடுங்கும் கையால் தட்டை நீட்டியவள்.

"சம்பந்தி, எந்திரிங்க" என்றாள் சாந்தாமணி. "அது என்ற வயலினுங்க."

மயிலாத்தாள் தலையைத் தூக்கினாள். விரலில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது. சாந்தாமணியைப் பார்த்தாள். மாலை போட்ட வயலினைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, மெதுவாக மறுபடியும் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

பீடத்துக்குப் போக வேறு வழி இல்லை. இரண்டு பக்கமும் பழமும் பூவும் முழங்கால் வரைக்கும் குவிந்திருந்தன. வயலினை எடுக்க வேண்டுமென்றால், சற்று முன் கை நீட்டிச் சேர்த்துக்கொண்ட சம்பந்தியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தாமணி பட்டுப் புடவையின் கொசுவத்தைக் கையில் பிடித்துக் கணுக்கால் வரை தூக்கினாள்.